கண்ணாடிக்குள் ஒரு குளம்

திருவேங்கடம் கரிசல் பூமி. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே குற்றாலத்து அருவிகள் ஆர்ப்பரித்துச் சிற்றாறு நுரைத்து ஓடும் காலத்தில் எங்களுக்கு வந்து சேர்வது வறண்ட மேல்காற்று ஒன்றே. தண்ணீருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையையும் அது நிரப்பும் குளங்களையுமே நம்பிய ஊர் இது. இங்கே சிறுவயதில் ஒரு கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தேன். ஞாயிறுதோறும் நீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டி, கூழாங்கற்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, புதுநீர் நிரப்பி, அரைநாளை அதற்கே செலவிட்டும், இரண்டொரு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து சாகக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். ஊருக்கு வெளியே, யாரும் தேய்த்துக் கழுவாத குளத்தில் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்ததை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நம் முன்னோர் குளத்தை வெட்டியதோடு நில்லாமல், அதன் பராமரிப்பில் பெரும்பகுதியைக் குளமே செய்துகொள்ளும்படி அமைத்தார்கள். மழைக்காலத்தில் புதுநீர் வந்து பழைய நீரோடு கலக்கும். மிகுந்தது மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்குப் போகும். தேங்கியதில் ஒரு பகுதி மடைவழியே வயலுக்கு இறங்கும். இவ்வாறு நீர் நிற்கும் காலமெல்லாம் அது சிறிது சிறிதாக மாறுமேயன்றி ஒரே நாளில் முற்றிலும் மாறுவதில்லை. கோடையில் வற்றியபின், மீனின் கழிவும் அழுகிய செடியும் படிந்த வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு உரமாக அடிப்பார்கள். கரையையும் மடையையும் ஊர்க்குடிகளே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து என்ற வழக்கம் தளர்ந்தபோது, அதை நிலைநிறுத்தச் சென்னை அரசாங்கம் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே இயற்ற நேர்ந்தது. குளத்து மீன்பிடி உரிமைக்கு நம் பக்கத்தில் ‘மீன்பாசிக் குத்தகை’ என்றே பெயர். மீனையும் பாசியையும் பிரிக்காமல் ஒரு சொல்லில் பிணைத்தவர்கள் இரண்டின் உறவையும் நன்கு அறிந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

இந்த உறவைக் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் முதன்முதலில் முறையாகப் பரிசோதித்தவர்களுள் ஒருவர் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் ரசாயன சாஸ்திரி. சுமார் 12 காலன் கொள்ளும் பாத்திரத்தில் பாதியளவு ஊற்றுநீர் விட்டு, அடியில் மணலும் சேறும் கற்களும் பரப்பி, நாடாவைப்போல் நீண்டு வளரும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்று, பிராணவாயுவைத் திருப்பித் தந்தது. ஆனால் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கலக்கி, கண்ணாடியில் வழுவழுப்பாகப் படிந்தன. அவர் நீரைக் கொட்டவில்லை. குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, அவற்றின் முட்டையும் குஞ்சும் மீனுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. இதை அவர் ரசாயன சங்கத்துக்கு அறிவித்தது 1850-இல்.

இதன் பின்பாதியை அவர் பெயரையே தாங்கிய மகன் எழுதியது இச்சரித்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இளைய வாரிங்டன், மண்ணில் அம்மோனியா நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் இரு படிகளில் மாறுவதையும், அது கிருமிகளின் வேலை என்பதையும் ஆராய்ந்து காட்டினார். அக்கிருமிகளை 1890-ஐ ஒட்டித் தனியே பிரித்தெடுத்தவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. மீனின் கழிவிலுள்ள விஷமாகிய அம்மோனியாவை முறிப்பவையும் இத்தகைய கிருமிகளே; அவை வாழ்வது பெரும்பாலும் கல்லிலும் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டுதான். சிறுவயதில் நான் சோப்பிட்டுத் தேய்த்துப் போக்கியது அழுக்கை மட்டும் அன்று.

சென்னைக் கடற்கரையில் 1909-இல் மீன்காட்சிசாலை திறக்கப்பட்டதும், அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த அது 1919-இல் மீன்துறைக்கு மாறியதும் தமிழ்நாட்டில் தொட்டியில் மீன் வளர்க்கும் கலை பொதுமக்கள் கண்ணுக்கு வந்த வரலாறு. அதன்பின் வீடுகளுக்கும் தொட்டி வந்தது. காற்றுக்குழாயும் பஞ்சு வடிகட்டியும் வந்தன. இவை உதவுபவையே, ஆயினும் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து வைப்பவனுக்குத்தான் அவை முழுப்பயன் தருகின்றன.

இன்று என் தொட்டிக்கு வாரத்தில் கால்மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. ரப்பர்க் குழாயால் அடிக்கசடோடு நாலில் ஒரு பங்கு நீரை உறிஞ்சிக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுகிறேன். குளோரின் கலந்த குழாய்நீரை ஒருநாள் வாய் அகன்ற அண்டாவில் ஆறவைத்து விடுகிறேன். பாபநாசத்துப் படித்துறையில் மீனுக்குப் பொரி இறைத்தால் மிஞ்சியதை ஆறு அடித்துக்கொண்டு போகும், தொட்டியில் அது அங்கேயே அழுகும் என்பதால், இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவே இரை போடுகிறேன். கரிசல் நீர் ஆவியாகும்போது கண்ணாடியின் விளிம்பில் உப்பு வெள்ளைக் கோடாகப் பூக்கும். பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்தால் அது கரைந்துவிடும். அதற்குக் கீழே, பச்சை படிந்த கண்ணாடியில், ஒரு நத்தை தான் மேய்ந்த தடத்தைத் தெளிவாக விட்டுக்கொண்டு மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது.