பைப்லைன்: விழக் கற்றுக்கொண்ட அறுபது ஆண்டுகள்

(ஒலி அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த அத்தியாயத்தை ஒரு தையலில் இருந்து ஆரம்பிக்கிறேன். என் மேலுதட்டில் மூன்று தையல். கோவளத்தில் அலைச்சறுக்கு கத்துக்கப் போன நாலாவது வாரம், கொஞ்சம் செங்குத்தா எழுந்த ஒரு அலையில் ஏறப் பார்த்தேன். போர்டின் மூக்கு தண்ணிக்குள்ள குத்தியது, நான் தலைகீழா போனேன், போர்டு திரும்பி வந்து வாயில் அடிச்சது. அலை என் நெஞ்சு உயரம்கூட இல்லை.

கரைக்கு வந்ததும், எப்படி ஏறியிருக்கணும்னு சொல்லித் தரச் சொல்லி, கத்துக்கொடுத்த அண்ணாகிட்ட கேட்டேன். அவர், "ஏறுறத அப்புறம் பேசலாம் தம்பி. எப்படி விழுந்தே, அதை முதல்ல சொல்லு" என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் பைப்லைனின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். ஹவாயில் ஓவாஹு தீவின் வடகரையில் உள்ள ஒரு அலை அது. பார்க்க மிக அழகானது, பல உயிர்களையும் வாங்கியது. அந்த அலையில் மனுஷங்க எப்படி ஏறக் கத்துக்கிட்டாங்க என்ற கதை எல்லோரும் சொல்வது. எப்படி விழக் கத்துக்கிட்டாங்க என்ற கதைதான் நான் இன்னைக்குச் சொல்லப் போறது.

அலை ஏன் குழாய் ஆகிறது?

முதல்ல கொஞ்சம் இயற்பியல். இன்ஜினியரிங் படிச்சவன், மன்னிச்சுக்கோங்க.

கரையை நெருங்கும் அலையின் வேகம், தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. 12 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அலை, 3 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் ஏறக்குறைய பாதி வேகத்துக்குக் குறைந்துவிடும். மெதுவாகச் சரியும் மணல் கடற்கரையில் இந்த வேகக்குறைப்பு நிதானமாக நடக்கும். அலை நுரைத்துச் சரிந்து முடிந்துவிடும். பைப்லைனில் அப்படி இல்லை. குளிர்காலத்தில் வட பசிபிக் புயல்கள் கிளப்பும் அலைகள், வழியில் வேகத்தைக் குறைக்க அகலமான கண்டத்திட்டு எதுவும் இல்லாமல் வந்து, திடீரென்று ஆழம் குறைந்த பாறைத்திட்டில் மோதுகின்றன. அலையின் அடிப்பகுதிக்குப் பிரேக் விழுந்த மாதிரி ஆகிறது. மேல்பகுதி அதே வேகத்தில் முன்னால் பாய்கிறது. அப்படி வீசப்பட்ட நீர்த்திரைக்கும் அலையின் சுவருக்கும் நடுவில் உண்டாகும் வெற்றிடம்தான் பேரல், ட்யூப், குழாய் என்றெல்லாம் சொல்லப்படுவது.

ஆக, குழாயை உண்டாக்குவதே ஆழமின்மைதான். விழுந்தால் தலை மோதப் போவதும் அதே ஆழமில்லாத பாறையில்தான். அந்தப் பாறையும் சமதளம் கிடையாது. வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது. ஆபத்தை மட்டும் தனியா கழட்டி வெச்சுட்டு அழகை எடுத்துக்க முடியாது.

1961: பெயர் வந்த கதை

அலைச்சறுக்கு ஹவாய் மக்களின் பல நூற்றாண்டுக் கலை. ஆனால் இந்த அலையில் கேமரா முன்னால் ஒருவர் இறங்கியது 1961 டிசம்பரில். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஃபில் எட்வர்ட்ஸ் இறங்கினார், புரூஸ் பிரவுன் படம் பிடித்தார். பக்கத்துச் சாலையில் அப்போது குழாய் பதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கூட இருந்த மைக் டிஃபென்டர்ஃபர் அதைப் பார்த்துத்தான் பைப்லைன் என்ற பெயரைச் சொன்னார். கடற்கரைக்கு ஏற்கெனவே பன்சாய் என்ற பெயர் இருந்தது. இரண்டும் சேர்ந்து பன்சாய் பைப்லைன்.

அன்றைய போர்டுகள் ஒன்பது, பத்து அடி நீளம். அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டை. செங்குத்தான அலையின் முகப்போ உள்நோக்கி வளைந்தது. வளைந்த கிண்ணத்துக்குள் நீளமான ஸ்கேலை வைத்துப் பாருங்க, நுனி இடிக்கும். அதே காரணத்தால்தான் போர்டின் மூக்கு குத்தியது. 3 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழ ஆகும் நேரம் 0.78 வினாடி. எழுந்து நின்று திசை திருப்ப அந்த அவகாசம்தான் இருக்கிறது.

1960களில் இந்த அலையில் பெயர் எடுத்தவர் புட்ச் வான் ஆர்ட்ஸ்டேலன். 'மிஸ்டர் பைப்லைன்' என்ற பட்டம் முதலில் இவருக்குத்தான். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவோம்.

பலகை சுருங்கியது, உடம்பு அமைதியானது

1967, 68 வாக்கில் போர்டுகள் வேகமாகச் சுருங்கின. இரண்டு மூன்று வருடங்களில் இரண்டு அடிக்கும் மேல் நீளம் குறைந்தது. டிக் புரூவர் போன்ற கைவினைஞர்கள் ஹவாய் அலைகளுக்கென்றே போர்டுகளைச் செதுக்கினார்கள். மூக்கு மேல்நோக்கி வளைந்தது, வால் குறுகியது, பின்பக்க ஓரங்கள் கூர்மையாயின. அந்தக் கூர்மையான ஓரம்தான் செங்குத்தான சுவரில் கத்தி மாதிரி பிடித்துக்கொள்ளும்.

இந்தப் போர்டுகளோடு வந்தவர் ஜெரி லோபஸ். ஹொனலூலுவில் பிறந்தவர், யோகா பயிற்சி செய்பவர். 1972லும் 1973லும் பைப் மாஸ்டர்ஸ் போட்டியில் வென்றவர். அவருடைய பழைய வீடியோக்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்: அவர் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கும். மேலே பத்து டன் தண்ணி இடிஞ்சு விழுது, இவர் பஸ் ஸ்டாப்பில் நிற்பது போல நிற்பார்.

அந்த 'ஒன்றும் செய்யாமை'க்குள் நிறைய வேலை இருக்கிறது. நேராகக் கீழே இறங்காமல், ஆரம்பத்திலேயே போர்டைப் பக்கவாட்டில் சாய்த்து ஏறுவது. ஒரே அசைவில் எழுவது. உடம்பைத் தாழ்வாக வைப்பது. குழாய் பின்தங்கினால், கையைச் சுவருக்குள் விட்டு வேகத்தைக் குறைத்து, குழாய் தன்னை மூடும் வரை காத்திருப்பது. கண்ணை விழும் நீர்த்திரையில் வைக்காமல் வெளியேறும் வாசலில் வைப்பது. தேவையில்லாத ஒவ்வொரு அசைவும் போர்டின் பிடியைக் குலைக்கும். அதனால் அமைதி இங்கே ஸ்டைல் இல்லை, பாதுகாப்பு.

பைப்லைன் இடதுபக்கம் உடையும் அலை. லோபஸ் வலது காலை முன்னால் வைத்து நிற்பவர் என்பதால் அலை அவர் முகத்துக்கு எதிரே இருக்கும். இடது காலை முன்வைக்கும் பெரும்பாலானவர்களுக்கோ அலை முதுகுக்குப் பின்னால். அப்படி நின்றும் ஆழமாகக் குழாய்க்குள் போக முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் தென்னாப்பிரிக்காவின் ஷான் டாம்சன். 1975ல் பைப் மாஸ்டர்ஸ் பட்டம் அவருக்கு. பின் முழங்காலைத் தாழ்த்தி, ஒரு கையால் போர்டின் வெளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு செல்லும் நிலை, முதுகு காட்டிச் செல்பவர்களுக்கு இன்று பாடப்புத்தகம் மாதிரி.

அடுத்து 1981. ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன், தான் வடிவமைத்த மூன்று ஃபின் போர்டோடு வந்து அதே போட்டியில் வென்றார். ஒற்றை ஃபின் நழுவும் இடத்தில் மூன்று ஃபின் பிடித்தது. இன்றுவரை பெரும்பாலான போர்டுகளின் அடிப்படை அதுதான்.

ஒரு கயிறின் கதை

இதுவரை சொன்னது ஏறும் பக்கம். விழும் பக்கத்துக்கு வருவோம்.

1971 வாக்கில், வெட்சூட் வியாபாரி ஜாக் ஓ'நீலின் மகன் பேட் ஓ'நீல், போர்டை உடம்போடு இணைக்கும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் ரப்பர் குழாயால் ஆனது. பழைய ஆட்கள் சிரித்தார்கள். கத்துக்குட்டிகளின் கயிறு என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்த ரப்பர் அதிகமாக இழுபட்டு, போர்டைக் கவண்கல் மாதிரி திருப்பி அடித்தது. ஜாக் ஓ'நீல் தன் இடது கண்ணை இழந்தது அப்படி ஒரு விபத்தில்தான்.

ஆபீஸில் சிஸ்டம் விழுந்தால் நாங்க ஒரு அறிக்கை எழுதுவோம். யார் தப்பு என்று அதில் கேட்க மாட்டோம். எது அனுமதித்தது, எதை மாற்றணும் என்று மட்டும் கேட்போம். லீஷுக்கு நடந்ததும் இதுதான். கயிறைத் தூக்கிப் போடவில்லை. அவ்வளவு நீளாத யூரிதேனுக்கு மாறினார்கள். ஆனால் ஒவ்வொரு பாதுகாப்பும் புதிய ஆபத்துக்கும் கதவு திறக்கும். போர்டைத் தேடி நீந்தத் தேவையில்லை என்றானதும், நீச்சல் பலமில்லாதவர்களும் பெரிய அலைக்குள் வந்தார்கள்.

விழுவதற்கும் ஒரு முறை உருவானது. தலையை முன்னால் விட்டுப் பாயாதே. தட்டையாக விழு, ஆழமாகப் போகாதே. இரண்டு கைகளாலும் தலையைச் சுற்றி மூடிக்கொள். காலை ஊன்றி நிற்கப் பார்க்காதே, பாறை வெடிப்பில் மாட்டும். மேலே வரும்போது கை முதலில், தலை அப்புறம். போர்டு மேலே காத்திருக்கலாம். இதைக் கேட்டுட்டு நேரா கடலுக்குப் போயிடாதீங்க. இது வரலாறு, பயிற்சி இல்லை.

முறை தெரிந்தவர்களுக்கும் போதாமல் போன நாட்கள் உண்டு. 2005 டிசம்பர் 2 அன்று தாஹிதியின் மாலிக் ஜோயோ பைப்லைனில் இறந்தார். மிகப் பெரிய அலைகளில் பெயர் பெற்றவர். அன்றைய அலை அவர் அளவுகோலில் பெரியதே இல்லை. 2015 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் ஓவன் ரைட் இங்கே மூளையில் காயமடைந்தார். மறுபடி நடக்கவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் திரும்பி வந்து முதல் போட்டியிலேயே ஜெயித்தார். பின்னாளில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு இறங்கினார். ஹெல்மெட் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்தது. போட்டால் அழகா இல்லை என்பதைத் தவிர, போடாததற்குப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கரையில் இருப்பவர்கள்

இப்போ புட்ச் வான் ஆர்ட்ஸ்டேலனுக்கு வருவோம். முதல் 'மிஸ்டர் பைப்லைன்' பிறகு என்ன ஆனார் தெரியுமா? வடகரையின் ஆரம்பகால உயிர்காப்பாளர்களில் ஒருவர் ஆனார். அந்த அலை ஒருவரை எங்கே விழ வைக்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று உடம்பால் தெரிந்தவர், அந்த அறிவோடு மற்றவர்களை வெளியே இழுத்து வந்தார். பின்னர் பிரையன் கியாவுலானா போன்ற ஹவாய் உயிர்காப்பாளர்கள், ஜெட் ஸ்கீயின் பின்னால் மிதவைப் பலகை கட்டி மீட்கும் முறையை வளர்த்தார்கள். அது பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

2022 பிப்ரவரியில் கெல்லி ஸ்லேட்டர், 50வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு பைப்லைனில் வென்றபோது, வயதை வென்ற தைரியம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அதில் வேற ஒன்று தெரிந்தது. ஐம்பது வயது வரை அந்த அலையில் இறங்க, முப்பது வருஷம் சரியாக விழுந்திருக்க வேண்டும். எந்த அலையை விட்டுவிடணும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

தையல் பிரிச்சதும் திரும்பக் கோவளம் போனேன். அந்த அண்ணா முதல் ஒரு மணி நேரம் போர்டே தரலை. இடுப்பளவு தண்ணியில் நிக்க வெச்சு, சும்மா விழச் சொன்னார். தட்டையா, கையால் தலையை மூடி, திரும்பத் திரும்ப. பக்கத்துல சின்னப் பசங்க பார்த்துச் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.