பண்டகசாலையில் ஒரு காட்சி

கலைக் கண்காட்சி என்றதும் பளிங்குத் தரையும் வாயிற் காவலரும் உடைய மண்டபமே நம் நினைவில் எழுகின்றது. அதனை விடுத்து, கைவிடப்பட்ட ஆலைகளிலும் பண்டகசாலைகளிலும் படைப்புகளை வைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. இது மக்களை நோக்கிய நகர்வு என்றே நாமும் எண்ணியிருந்தோம். உயர்தர வகுப்பில் இதனை வியந்து பேசியபோது ஒரு மாணவன், "அந்தக் கட்டிடத்திலே முந்தி வேலை செய்த ஆக்கள் எங்கே போனவை, சேர்?" என்று கேட்டான். விடை அப்போது நம்மிடம் இருக்கவில்லை.

நாம் வியந்து பேசியது இலண்டனைப் பற்றியே. 1988 ஆம் ஆண்டுக் கோடையில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவர் டேமியன் ஹேர்ஸ்ற், 'பிறீஸ்' என்னும் காட்சியைச் சறே துறைப்பகுதியில், துறைமுக அதிகாரசபையின் வெறுங் கட்டிடமொன்றில் ஒழுங்கு செய்தார். 16 பேர் பங்குபற்றினர். மற் கொலிஷோ, தலைக் காயமொன்றின் நிழற்படத்தை 15 ஒளிப்பெட்டிகளிற் பெருப்பித்துக் காட்டினார். ஹேர்ஸ்ற் சுவரின்மீதே வண்ணப் பொட்டுகளைத் தீட்டினார். பெரிய கூடங்களின் அழைப்புக்குக் காத்திராத அத்துணிவு பாராட்டுக்குரியதே.

ஆயினும் அக்கட்டிடம் தானாக வெறுமையானதன்று. தேம்ஸ் துறைகளிற் காலைதோறும் வாயிலில் முண்டியடித்து, அன்றைய வேலைக்குத் தம்மைத் தெரிவுசெய்ய மாட்டார்களா என ஏங்கி நின்ற கூலியாட்கள், 1889 இல் மணித்தியாலத்துக்கு 6 பென்ஸ் கேட்டுப் பணி நிறுத்தினர். பசி அவர்களைப் பணியவைக்கும் என முதலாளிகள் எதிர்பார்த்திருக்க, ஆவுஸ்திரேலியத் தொழிலாளர் 30,000 பவுணுக்குக் குறையாத பணம் திரட்டி அனுப்பினர், வேலைநிறுத்தம் வென்றது. இலங்கைத் தேயிலையும் இந்நகரத் துறைகளிலேதான் இறங்கிற்று. நம் மலைநாட்டிற் கொழுந்து பறித்தோரும் அங்கே பெட்டி சுமந்தோரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வணிகத்துக்கு உழைத்தனர்.

பின்னர் கொள்கலன் கப்பல்கள் வந்தன. வாணிபம் ஆற்றின் கீழ்ப்புறத்தே தில்பரிக்குப் பெயர்ந்தது. சென் கதரீன் துறை 1968 இலும், சறே துறை 1970 இலும், கடைசியாக றோயல் துறைகள் 1981 இலும் மூடப்பட்டன. சென் கதரீன் துறை மூடப்பட்ட அதே ஆண்டிலேயே பிரிட்ஜெற் ரைலி, பீற்றர் செட்ஜ்லி முதலிய ஓவியர் அங்குள்ள பண்டகசாலையொன்றைப் பணிக்கூடங்களாக்கினர். தொழிலாளி வெளியேறிய வாயிலாலேயே கலைஞன் உட்புகுந்தான். அவனுக்கும் அங்கே நிலைபேறில்லை.

1981 இல் தட்சர் அரசாங்கம் துறைப்பகுதி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, மக்கள் தெரிவுசெய்த உள்ளூராட்சி மன்றங்களிடமிருந்த திட்டமிடல் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்தது. 'பிறீஸ்' காட்சிக்கு ஆதரவளித்தது இக்கூட்டுத்தாபனமே. உடனின்று உதவியது, எதிர்க்கரையிற் கனேரி வார்வ் மாளிகைகளை எழுப்பிய ஒலிம்பியா அண்ட் யோர்க் நிறுவனம். மாணவரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் காணி விற்போனுக்கு ஓவியனின் வருகை எத்துணை மலிவான விளம்பரம்!

காட்சிக்கு வந்தோருள் சாள்ஸ் சாச்சியும் ஒருவர். பிற்காலத்தில் அத்தலைமுறைக் கலைஞரின் படைப்புகளைப் பெருமளவில் வாங்கியவர் அவரே. அவரும் அவர் சகோதரரும் நடத்திய விளம்பர நிறுவனந்தான் கொன்சர்வேற்றிவ் கட்சிக்காக, வேலையற்றோரின் நீண்ட வரிசையைக் காட்டும் புகழ்பெற்ற சுவரொட்டியைத் தயாரித்தது. 1979 தேர்தலில் அக்கட்சி வென்றது. ஒன்பது ஆண்டுகளின் பின் சாச்சி சறே துறைக்கு வந்தபோது அங்கே வேலைக்காக வரிசையில் நிற்க எவருமில்லை.