நாட்டுக் கப்பித்தானின் கோழி

சென்ற ஷவ்வால் மாதத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழும் எங்கள் குடும்பத்துப் பெண் விடுமுறைக்காகச் செங்கல்பட்டு வந்திருந்தாள். அவள் ஊரில் அண்டை வீட்டார் விருந்துக்கு அழைத்தால் பெரும்பாலும் ஒரு கோழி உணவு மேசைக்கு வருமாம். ‘கண்ட்ரி கேப்டன்’ என்று பெயர். கறித்தூள், தக்காளி, குடைமிளகாய், உலர்திராட்சை சேர்த்து வேகவைத்து, வெண்சோற்றின் மேல் ஊற்றி, வறுத்த பாதாம் தூவித் தருவார்கள். மழைநாளிலும் துக்க வீட்டிலும் மனத்தை ஆற்றும் உணவாக அப்பகுதி மக்கள் அதைக் கருதுகிறார்கள்.

ஆனால் அந்த வீட்டில் ஆக்கும் முறையில் முதல் வேலையே பன்றி இறைச்சித் துண்டுகளை வாணலியில் உருக்கி, அந்தக் கொழுப்பில் கோழியைப் பொரிப்பதுதான். ஆகவே நம் பெண் ஒவ்வொரு முறையும் காய்கறியும் ரொட்டியும் உண்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். “கொழுப்பை மாற்றி நாமே ஆக்கினால் அது அவர்களுடைய உணவுதானா, இல்லை நாம் ஏதோ போலி செய்கிறோமா?” என்று அவள் கேட்டாள். பன்றி ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவள் கேட்டது வேறு. ஓர் உணவிலிருந்து ஒன்றை நீக்கினால் எஞ்சுவது அதே உணவா? இதற்கு விடை தேடப்போய் நாம் பழைய நூல்களுக்குள்ளும், அங்கிருந்து நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தோம்.

ஜார்ஜியாவில் ஒரு கதை வழங்குகிறது. மசாலாச் சரக்கோடு சவானா துறைமுகத்தில் இறங்கிய கப்பல் தலைவர் ஒருவர் இந்த உணவை ஊராருக்குக் கற்றுக்கொடுத்தாராம். கேட்க இனிமையான கதைதான்; சான்றாக எதுவும் இல்லை. அச்சில் கிடைப்பது 1857இல் பிலடெல்பியாவில் வெளிவந்த எலிசா லெஸ்லியின் சமையல் நூல். அவர் இதைக் கிழக்கிந்திய உணவு என்றே குறிப்பிடுகிறார். ஆங்கிலேயரிடம் ஊதியம் பெற்ற சிப்பாய்ப் படையின் தலைவனுக்கே அந்தப் பெயர் என்றும், அப்படிப்பட்ட ஓர் அதிகாரிதான் இதை வெள்ளையர் மேசைக்குக் கொண்டுவந்திருக்கக்கூடும் என்றும் விளக்குகிறார்.

1886இல் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி வேறு விளக்கம் தருகிறது. கிழக்குக் கடல்களில் துறைமுகத்துக்குத் துறைமுகம் வணிகம் செய்த ‘நாட்டுக் கப்பல்’களின் தலைவர்கள் விரும்பி உண்டதால் இப்பெயர் வந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வங்காளத்தில் இப்பெயர் காலை உணவாக உண்ணும் உலர்ந்த கறியைக் குறித்தது. சென்னைப் பக்கத்திலோ முதுகில் பிளந்து விரித்த கோழியை வெங்காயமும் கறி மசாலாவும் சேர்த்துச் சமைப்பதையே குறித்தது. சென்னை வடிவமே மூலமாக இருக்கலாம் என்று அவர்கள் எழுதுகிறார்கள். பர்னெல் சென்னை மாகாணத்தில் அதிகாரியாகப் பணியாற்றியவர். இந்தப் பக்கத்துச் சமையலை நேரில் அறிந்தவர்.

‘கண்ட்ரி’ என்ற சொல் இங்கே பட்டிக்காட்டைக் குறிப்பதன்று. நாம் நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மருந்து என்கிறோமே, அந்த ‘நாட்டு’தான் அது. சீமையிலிருந்து வராதது என்று பொருள். கேப்டனுக்கோ போர்த்துக்கீசியர் வழியாக வந்த ‘கப்பித்தான்’ என்ற சொல் தமிழில் முன்பே உண்டு. எனவே தமிழில் இந்த உணவின் பெயர் நாட்டுக் கப்பித்தான். அமெரிக்கப் பெயரென்று நாம் எண்ணியதைத் தமிழாக்கினால் நம் வீட்டுச் சொல்லாகிவிடுகிறது.

கப்பல் தலைவனா, படைத்தலைவனா என்ற வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வழியும் நம் மாவட்டத்தைத் தொட்டே செல்கின்றன. மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம். இன்று அங்கே தமீமுல் அன்சாரி தர்காவுக்கும் கடலுக்கும் மக்கள் வருகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் அங்கே கோட்டை கட்டினார்; ஐரோப்பாவின் ஆஸ்டெண்ட் கம்பெனிக்கும் அங்கே பண்டகசாலை இருந்தது. 1752இல் கிளைவ் கோவளத்தையும் செங்கல்பட்டையும் அடுத்தடுத்துப் பிடித்து, கோவளம் கோட்டையைத் தகர்த்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இன்னும் நிற்கிறது. மெல்லிய துணிக்குப் பெயர்பெற்ற துறை அது. இந்தக் கரையிலிருந்து கீழே பரங்கிப்பேட்டை, நாகூர், கீழக்கரை வரை நம் மரைக்காயர்கள் கப்பல் உடையவர்களாகவும் நாகுதாக்களாகவும் அச்சே, கெடா, மலாக்கா எனச் சென்றுவந்தார்கள். ஆங்கிலேயர் தலைமை வகித்த நாட்டுக் கப்பல்களில் பாய்மரம் ஏறிய லஸ்கர்களிலும் முஸ்லிம்கள் ஏராளம்.

படை வழியைப் பார்த்தால், லெஸ்லி சொல்லும் சிப்பாய்த் தலைவனுக்கு நம் வரலாற்றில் நினைவுக்கு வரும் முதல் பெயர் முஹம்மது யூசுப் கான். கம்மந்தான் கான்சாகிபு என்று மக்கள் அழைத்தவர். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டுக் கோட்டையிலிருந்த கேப்டன் பிரஸ்டனோடு சேர்ந்து முற்றுகைப் படையைப் பின்னாலிருந்து அலைக்கழித்தவர் அவரே. பின்னர் அதே கம்பெனியும் நவாபும் அவருக்கு எதிராகத் திரும்பினர். 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிட்டனர். அவர் இந்தக் கோழியை உண்டார் என்று நாம் சொல்லவில்லை. அப்படி எழுதிவிட்டால் அதையும் நாளை யாராவது வரலாறென்று பகிர்வார்கள்!

ஆக்கியவர் யார் என்பதை இந்த நூல்களில் எதுவும் சொல்லவில்லை. லஸ்கர்களுக்குச் சமைத்தவரைக் கப்பலில் ‘பண்டாரி’ என்றார்கள். இன்றும் நம் கல்யாணங்களில் பிரியாணி தேக்சாவுக்கு முன் நிற்பவரை நாம் பண்டாரி என்றுதானே அழைக்கிறோம்? தலைவன் பெயரால் உணவு நிலைத்தது. கரண்டி பிடித்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஜார்ஜியாவில் ஒருவர் மட்டும் இதற்கு இடம்தரவில்லை. போலியோவால் கால் செயலிழந்த அதிபர் ரூஸ்வெல்ட் சிகிச்சைக்காக அங்குள்ள வார்ம் ஸ்பிரிங்ஸில் வந்து தங்குவார். கண்ட்ரி கேப்டன் அவருக்கு மிகவும் பிடித்த உணவு. ஆக்கித் தந்தவர் டெய்சி போனர் என்ற கறுப்பினப் பெண்மணி. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் அந்தக் குடிலிலேயே இறந்தார். அங்கே அவருக்கான முதல் உணவையும் கடைசி உணவையும் சமைத்தது தாமே என்று போனர் சமையலறைச் சுவரில் தம் பெயரோடு எழுதிவைத்தார். அந்த எழுத்தை இன்றும் பாதுகாக்கிறார்கள்.

இனி நம் பெண்ணின் கேள்வி. நிஜாமின் படையில் மருத்துவராயிருந்த ரிடெல் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய சமையல் குறிப்பு, ஹாப்சன்-ஜாப்சனின் பிற்பதிப்பில் எடுத்தாளப்பட்டிருக்கிறது. பொடியாக அரிந்த வெங்காயத்தை வெண்ணெயில் சிவக்க வறுக்க வேண்டும். கோழித் துண்டுகளில் உப்பும் கறித்தூளும் தூவிப் பொரிக்க வேண்டும். அரை லிட்டருக்குச் சற்று அதிகமான சூப்பை ஊற்றி, அது பாதியாகும் வரை மெல்லிய தீயில் சுண்டவிட்டுச் சோற்றோடு பரிமாற வேண்டும். அவ்வளவே. தக்காளி இல்லை, திராட்சை இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை. அது அமெரிக்கச் சமையலறையில் பின்னால் ஏறிய சேர்க்கை. அதை எடுத்துவிட்டு நாம் வெண்ணெயோ நெய்யோ ஊற்றினால், போலி செய்யவில்லை. பழைய முறைக்குப் பக்கத்தில் போகிறோம்.

அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரண்டையும் ஆக்கிப் பார்த்தோம். முதல் நாள் ரிடெலின் முறை. ஒரு கிலோ கோழிக்கு மூன்று பெரிய வெங்காயம். வெங்காயத்தில் அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடுகிறது. பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பாகும் வரை பொறுக்க வேண்டும். மறுநாள் ஜார்ஜியா முறை. உப்பும் மிளகும் கலந்த மாவில் கோழியைப் புரட்டி, நெய்யில் பொரித்து எடுத்தோம். அதே சட்டியில் வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் வதக்கி, இரண்டு தேக்கரண்டிக் கறித்தூளும் நான்கு தக்காளியும் சேர்த்துக் கோழியை மீண்டும் இட்டு, மூடி நாற்பது நிமிடம் வேகவிட்டோம். இறக்கும் முன் ஒரு கைப்பிடி உலர்திராட்சை. பொன்னி அரிசிச் சோறு இதற்குப் பொருந்தியது, பாசுமதி தேவைப்படவில்லை.

முதல் நாள் சட்டியைக் கண்ட நன்னி, “இது நம்ம கோழி ஆணத்தைச் சுண்ட வெச்ச மாதிரில்ல இருக்கு, இதுக்கா இம்புட்டுப் புஸ்தகம்?” என்றார். மறுநாள் திராட்சைகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார். பிள்ளைகள் அவற்றையும் எடுத்துத் தின்றார்கள்.

ஊர் திரும்பும்போது நம் பெண்ணின் பெட்டியில் நன்னி அரைத்துக் கொடுத்த கறித்தூள் அரைக் கிலோ சென்றது. இனி அண்டை வீட்டார் அழைக்கும்போது, அங்கே கிடைக்கும் ஹலால் கோழியை வாங்கி ஆக்கி, சட்டியோடு தானே போகப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.