அபின் முதல் தூள் வரை

சொற்களும் கடல் கடக்கும். கிரேக்கர் ‘ஓப்பியன்’ என்றதை அரேபியர் ‘அஃப்யூன்’ என்றனர். தமிழில் அது ‘அபின்’ ஆயிற்று. கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே அது. நோவையும் வயிற்றோட்டத்தையும் தணிக்க நாட்டு வைத்தியர்கள் அதனை அளந்து கொடுத்தனர்.

மருந்தை வருவாயாக்கியவை வணிக அரசுகள். வங்காளத்து அபினைச் சீனாவில் விற்கவே பிரித்தானியர் 1839 இல் போர் தொடுத்தனர். மலாயாவிலும் அதுவே கதை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய குடியேற்றத்தின் வருமானத்தில், 1900 ஐ அண்டிய ஆண்டுகளில், ஏறத்தாழப் பாதி அபினால் வந்தது. நம் யாழ்ப்பாணத்தவர் பலர் அங்கு அரசாங்க எழுதுவினைஞராக இருந்தனர். அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தின் பின்னே சீனக் கூலியாளின் புகைக்குழாயும் இருந்ததை நாம் பேசுவதில்லை.

1898 இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெரோயினை இருமல் மருந்தாக விற்றது. 1912 இல் ஹேக் நகரில் நாடுகள் கூடிக் கட்டுப்பாட்டுக்கு இணங்கின. இலங்கையில் 1929 இல் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. 1980களில் ஹெரோயின் இங்கு பரவவே, 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தம் மரண தண்டனையையும் ஆயுட்சிறையையும் சேர்த்தது. நாற்பதாண்டுகள் கடந்தும் கடல்வழி ஓயவில்லை. 2009 இன் பின் வடக்கின் இளைஞரையும் அது பற்றிக்கொண்டது.

வாணர் பாலம் கடந்து மடத்துவெளியில் கால் வைப்பவர் கண்ணில் பூட்டிய வீடுகள் படும். 1991 இடப்பெயர்வோடு புங்குடுதீவு இழந்தது வீடுகளை மட்டுமன்று. ‘ஆற்றை பொடியன் நீ?’ என்று தெருவில் மறித்துக் கேட்கும் பெரியவர்களையும் இழந்தது. அந்தக் கேள்வி எழுதாத சட்டமாக இருந்தது.

தமிழாசிரியனான எனக்கு ஒரு சொல் உறுத்துகிறது. ‘தூள்காரன்’ என்கிறோம். விற்றவனுக்கும் அதுவே பெயர், விழுந்தவனுக்கும் அதுவே பெயர். அப்பெயருக்கு அஞ்சித் தாய் கதவைச் சாத்துகிறாள்; மகன் வைத்தியசாலைக்குப் போவதில்லை. 2007 இன் 54 ஆம் இலக்கச் சட்டமோ, தங்கியிருப்போருக்குச் சிகிச்சை பற்றியே பேசுகிறது. சட்டம் கண்ட வேறுபாட்டை ஊர் காணவில்லை.

விற்பவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். விழுந்தவனை நோயாளி என்று சொல்லப் பழகுவோம். கதவு திறக்க அந்தச் சொல் வேண்டும்.