பழைய நிழற்படமும் பட்டாளத்து முன்னோரும்

நம் மக்கள் வாழும் சேரிகளில் சில வீடுகளின் சுவரில், அண்ணல் அம்பேத்கர் படத்திற்குப் பக்கத்தில், சட்டமிட்ட பழைய நிழற்படம் ஒன்று தொங்கக் காணலாம். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையும் மார்பில் பதக்கங்களுமாக ஒருவர் விறைப்பாக நிற்பார். யார் என்று கேட்டால், "பட்டாளத்துத் தாத்தா" என்பார்கள். பெயரைக் கேட்டால் வீட்டாருக்குள்ளேயே வழக்கு எழும். எந்தப் போர் என்றால், தயக்கமின்றி "ஜெர்மன் சண்டை" என்று விடை வரும். பட்டாளம் சென்ற எல்லோரையும் ஜெர்மன் சண்டைக்கு அனுப்பிவிடுவது நம் வீடுகளின் வழக்கம்!

ஏட்டில் ஏறிய வரலாற்றில் நம்மவர் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர். முதல் உலகப் போருக்குப் பின் ஊர்களில் பதிக்கப்பட்ட நினைவுக் கற்களைப் பாருங்கள். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்ற அளவோடு அவை நின்றுவிடும். சென்றவர் பெயர் இராது. பதக்கம் அத்தகையதன்று. அக்காலத்து வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டை வீட்டுக் கணக்கில் ஆளாக மட்டும் இருந்தவருக்கு உலோகத்தில் எழுதப்பட்ட பெயர் அது.

இம்மலருக்காகப் படங்கள் திரட்டியபோது உறுப்பினர் ஒருவர் இல்லத்திலிருந்து அத்தகைய படம் ஒன்று நமக்குக் கிடைத்தது. அவர்களும் ஜெர்மன் சண்டை என்றே கூறினர். பூதக்கண்ணாடி வைத்து நோக்கினோம். மார்பில் இரண்டு பதக்கங்கள். ஒன்று வட்டம், அதன் நாடாவில் பட்டை பட்டையாகக் கோடுகள். மற்றொன்று நட்சத்திரம். அந்த நட்சத்திரமே வழக்கைத் தீர்த்தது.

முதல் உலகப் போரின் நட்சத்திரத்தில் குறுக்காக இரு வாள்களும் உச்சியில் முடியும் இருக்கும். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்களுக்கு ஆறு முனைகள். நம் படத்தில் இருந்ததற்கோ ஐந்து முனைகள். அது தொங்கும் சட்டத்தில் பிறையும் சிறு விண்மீனும். எகிப்து நாட்டு ஆட்சியாளரான கெதீவ், அங்குப் போரிட்ட பிரிட்டிஷ், இந்தியப் படையினருக்கு அளித்த வெண்கல நட்சத்திரம் இதுவேயாகும். வீட்டுப் பெட்டியில் அந்த நட்சத்திரம் இன்னும் கிடந்தது. நடுவில் ஸ்பிங்க்ஸ் சிலை, பின்னால் பிரமிடுகள், மேலே 1882 என்ற ஆண்டு. ஜெர்மன் சண்டைக்கு 32 ஆண்டுகள் முந்தியவர் நம் தாத்தா! வட்டப் பதக்கம் விக்டோரியா அரசியாரின் எகிப்துப் பதக்கம். நீலமும் வெள்ளையுமான அதன் நாடாதான் படத்தில் பட்டைகளாகத் தெரிகிறது.

தலையில் உருளை வடிவத் தொப்பி, அதனைச் சுற்றித் துணி. இது மதராஸ் சாப்பர்களின் கோலம். பாலமும் பாதையும் அமைப்பது, அரண்களைத் தகர்ப்பது ஆகியவை அப்படையின் பணிகள். 1780இல் பயனீர் படையாகத் தோன்றிய அதில் நம்மவர் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். வெள்ளை அதிகாரிகள் அவர்களைத் "தம்பி" என்றே அழைத்தனர். அதன் ஏ, ஐ என்னும் இரு கம்பெனிகள் 1882இல் எகிப்து சென்றன. செப்டம்பர் 13இல் தெல்-எல்-கெபிர் போர் நடந்தது. அந்நியர் பிடியை எதிர்த்து எழுந்த அராபி பாஷாவை அடக்கவே அப்படை சென்றது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அடிமைப்பட்டவனைக் கொண்டு இன்னொருவனை அடிமைப்படுத்துவதே ஏகாதிபத்தியத்தின் வேலை.

அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? அதே ஆண்டில் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். தென்னாட்டார் போருக்கு ஏற்ற இனத்தவர் அல்லர் என்ற முடிவுக்கு வந்தவர் அவர். 1885இல் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானதும் அக்கருத்தே கொள்கையாயிற்று. தமிழருக்குக் காலாட்படையின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. மராட்டியத்தில் மகர் மக்களுக்கும் 1890களின் தொடக்கத்தில் இதே கதிதான். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராகவும் படைப்பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அண்ணல் 1891இல் பிறந்ததே மாவ் படை முகாமில்தான். அங்குக் கிடைத்த கல்வியை எண்ணிப் பார்த்தால், அடைபட்ட கதவு ஊதியத்தின் கதவு மட்டுமன்று என்பது விளங்கும். சாப்பர் படையும் பயனீர் படையுமே நம்மவர்க்கு எஞ்சின. பயனீர் படையும் 1933இல் கலைக்கப்பட்டது.

படம் வைத்திருக்கும் இளைஞர்கள் சிலவற்றைக் கருத வேண்டும். பதக்கம் அணிவது இடப்பக்க மார்பில். படத்தில் அது வலப்பக்கம் இருந்தால், இடவலம் மாறிய பழங்காலக் கண்ணாடிப் படமாக இருக்கக்கூடும். மேற்கையில் இரண்டு பட்டைகள் நாயக்கையும், மூன்று பட்டைகள் ஹவில்தாரையும் குறிக்கும். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பின் எழுத்து தேய்ந்துவிடும்.

நாம் கூறிய வீட்டில் வெள்ளிப் பதக்கம் இல்லை. ஒரு பஞ்ச காலத்தில் அடகுக்குப் போய் மீளவில்லையாம். வெண்கலம் விலைபோகாததால் நட்சத்திரம் தங்கிற்று. ஆனால் கெதீவ் நட்சத்திரத்தில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. பழைய பதக்கப் பட்டியல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. அவற்றில் தேடப் படைப்பிரிவும் ஆண்டும் தெரிய வேண்டும். தொப்பி ஒன்றையும் நட்சத்திரம் மற்றொன்றையும் சொல்லிவிட்டன. நூலகத்திற்கு எழுத வேண்டிய கடிதத்தை அவ்வீட்டுப் பேத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்.