எழுதப்படாத இரண்டாம் பெயர்ச்சி

மலேசியத் தமிழரின் வரலாற்றைப் பேசப் புகுவோர் கப்பலேறி வந்த கதையை விரிவாகச் சொல்வர். நாகப்பட்டினத் துறைமுகம், கங்காணியின் ஆள்கட்டும் முறை, 1910இல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்தக் கூலி முறை, 1938இல் இந்திய அரசு விதித்த தடை என அக்கதைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஆயின் அம்மக்களே இந்நாட்டுக்குள் இன்னொரு முறை பெயர்ந்தனர். தோட்டங்களிலிருந்து பட்டணங்களின் ஓரங்களுக்கு நிகழ்ந்த அப்பெயர்ச்சிக்குக் கப்பலும் இல்லை, பதிவேடும் இல்லை. ஒரு தலைமுறைக்கும் மேலாக நீடித்த அந்நிகழ்ச்சி, மாணவர் படிக்கும் வரலாற்றில் உரிய இடத்தை இன்னும் பெறவில்லை.

தோட்டம் என்பது வெறும் வேலைத்தலம் என்று கருதினால் இதன் பொருள் விளங்காது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது முதல் மாலையில் கோயில் மணி ஒலிப்பது வரை, அனைத்தும் துரையின் நிலத்தில்தான் நடந்தன. லயத்து வீடு, மருந்தகம், பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை, கடை, தமிழ்ப்பள்ளி ஆகிய எல்லாமே வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்பது 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தால் வந்த கடமை. அதனால் எழுத்தறிவு கிடைத்தது, உண்மையே. ஆனால் வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். இந்தக் கட்டமைப்பே பின்னர் நேர்ந்த துயரத்திற்கு வித்தாயிற்று.

தோட்டத்துக்குள்ளும் மேடு பள்ளம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. கிராணியின் மகன் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போனான். பால்மரம் வெட்டுபவரின் மகன் வாளி தூக்கினான். தமிழர் அனைவரும் ஒருசேர வறியர் என்று எழுதுவது எளிது. அது அரைப்பங்கு உண்மைதான்.

நாடு விடுதலையை நெருங்கிய காலத்தில் ஐரோப்பிய உடைமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்கலாயினர். வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்று இலாபம் கண்டனர். இதுவே தோட்டத் துண்டாடல். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். நூறு ஏக்கருக்குக் குறைவான துண்டு சட்டத்தின் கண்ணில் பெருந்தோட்டம் ஆகாது, அதன் புதிய உடைமையாளருக்குப் பள்ளி நடத்தவோ மருந்தகம் வைக்கவோ தேவையும் இல்லை, மனமும் இல்லை. மரம் அதே மரமாக இருக்க, அதை வெட்டியவர் மட்டும் குத்தகைக்காரரின் தினக்கூலியானார்.

இந்நிலையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பங்கு நூறு வெள்ளி. தொழிலாளி அதை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். அவர் தோட்டந்தோட்டமாக நடந்து பேசினார். நாட்கூலி சில வெள்ளியாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்பது அடுப்பிலிருந்து எடுத்த பணம். அப்பணத்தைக் கொண்டு 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது; அடுத்த ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சேர்ந்தன. 1974இல் அமைச்சுப் பொறுப்பைத் துறந்த பின்னும், 1979இல் மறையும் வரை, சங்கமே அவருடைய பணியாக இருந்தது. மலேசியத் தமிழர் வேறெதையும் இத்துணைப் பெரிய அளவில் தம் சொந்தக் காசால் கட்டியதாகச் சொல்ல இயலாது. எனினும் நாடெங்கும் துண்டாடப்பட்ட நிலத்தின் பரப்போடு ஒப்பிட்டால், மீட்கப்பட்டது சிறு பகுதியே.

அடுத்த அடி குடியுரிமையில் விழுந்தது. விடுதலைக்குப் பின் விண்ணப்பித்தால் குடியுரிமை பெற்றிருக்கக்கூடிய பலர், அறியாமையாலும், வழிகாட்டுவார் இன்மையாலும், எப்போதேனும் ஊர் திரும்பலாம் என்ற நினைப்பாலும் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டனர். சிவப்பு அடையாளக் கார்டு ஒரு வாழ்க்கையையே தடுக்கும் என்று அன்று யார் எண்ணினார்? 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1969 மே கலவரத்திற்குப் பின் அது செயற்படுத்தப்பட்ட கடுமையும், குடியுரிமையற்றோர் ஒவ்வொருவரையும் வேலை பெர்மிட்டுக்குக் கையேந்த வைத்தன. முப்பது ஆண்டு மரம் வெட்டியவர்கள் மூட்டை கட்டினர். கணவன் சிவப்பு, மனைவி நீலம் என்றிருந்த வீடுகளில் குடும்பமே இரண்டாகப் பிரிந்தது.

1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை பிறந்தது. இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது ஒன்று. இன்ன இனத்திற்கு இன்ன தொழில் என்ற அடையாளத்தை அகற்றுவது மற்றொன்று. இரண்டாவது நோக்கத்தின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால், தோட்டத் தமிழரைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை. ஆயினும் அவர்கள் கொள்கையின் பார்வைக்கு வெளியே நின்றனர். கிராமப்புற மேம்பாட்டின் மின்சாரமும் குழாய்நீரும் தோட்டத்து வாயிலோடு நின்றன. காரணம், தோட்டம் தனியார் நிலம். நகரத்து ஏழை என்ற கணக்கிலும் அவர்கள் இல்லை. 1981 செப்டம்பரில் இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனம் மலேசியர் வசமானது. உடைமை கைமாறிய அந்நாளிலும் லயத்து வீட்டின் கூரை மாறவில்லை.

மாற்றம் தீமையை மட்டும் கொணர்ந்தது என்று சொல்வது நேர்மையன்று. 1970களில் பாயான் லெப்பாசிலும் சுங்கை வேயிலும் ஏற்றுமதித் தொழிற்பேட்டைகள் எழுந்தன. தோட்டத்து இளம்பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலி இல்லை என்று வளர்ந்த வீட்டுக்குள் மாதச் சம்பளம் முதன்முதலாக ஒரு மகளின் கையால் நுழைந்தது. திருமண வயதும், வீட்டில் அவள் சொல்லுக்கிருந்த மதிப்பும் அதனோடு மாறின. இதை நம் கட்டுரையாளர் மிகக் குறைவாகவே எழுதியுள்ளனர்.

அதற்குள் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். நகரங்களும் விரிந்தன. பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்காம் தோட்டத்து நிலத்தில் எழுந்த நகரம். புத்ராஜெயாவோ பிராங் புசார் தோட்டத்தில் எழுந்தது. முதல் உலகப்போரில் பங்கேற்ற ஆங்கிலேயர் 1921இல் திறந்த தோட்டம் அது. 'பெரும்போர்' என்பதே அப்பெயரின் பொருள். ரப்பர் உலகம் முழுதும் அறிந்த பி.பி. 86 என்னும் உயர்விளைச்சல் வகையின் முதலிரண்டு எழுத்துகள் அத்தோட்டத்தையே குறிக்கும். 1995இல் நிருவாகத் தலைநகரின் கட்டுமானம் தொடங்கியது. பிராங் புசாரிலும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. தரைவீட்டுக்காக அவை பல்லாண்டுகள் காத்திருந்தன. இவர்களுக்கு அடுக்குமாடியேனும் கிட்டியது. வேறு பல தோட்டத்தார் ஆற்றோரத்திலும் இரயில் பாதையோரத்திலும் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டினர். அங்கிருந்தும் பின்னர் எழுப்பப்பட்டனர்.

1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு. மறைந்தவற்றுள் மிகப் பல தோட்டத்தோடு மறைந்தவை. எஞ்சியவற்றுள் சில, தோட்டம் அழிந்தபின் வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தன. பெயரில் மட்டும் 'லாடாங்' என்ற சொல்லைச் சுமந்து நிற்கின்றன. அவற்றில் பயிலும் பிள்ளைகளுள் பால்மரத்தைக் கண்டவர் அரிது. அவர்களுடைய பாட்டன்மார் இன்னும் சிலர் இருக்கின்றனர். எந்த ஆண்டு எந்தத் தோட்டத்திலிருந்து வெளியேறினர், அன்று கையில் என்ன கொடுத்தனர், அம்மன் சிலையை எங்கே எடுத்துச் சென்றனர் என்பதை அவர்கள் இன்றும் நினைவிலிருந்து சொல்வர்.