எட்டு மணிக்கு மேலே ஒரு வாழ்க்கை

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் சொன்னார்: "ஓடற வயசுல ஓடணும்; ஓய்வெல்லாம் அறுபதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்." கைதட்டலும் வாங்கினார். நான் புதுச்சேரிக்காரன். என் ஊர் வரலாறு வேறு சொல்கிறது.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். அவர் தம் பாப்பா பாட்டில் குழந்தையின் சாயங்காலத்தை விளையாட்டுக்கே எழுதி வைத்தார். சரி, குழந்தைக்கு விளையாட்டு உண்டு. கிழவருக்குத் திண்ணை உண்டு. நடுவயதுக்காரனுக்கு?

1936 ஜூன் மாதம். பாரிஸில் லியோன் ப்ளூம் அரசு தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலை, ஆண்டுக்கு 2 வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் செய்தது. அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியிலோ, பஞ்சாலையில் 10 மணி நேரத்துக்கும் மேல் வேலை! வ.சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டார்கள். பதில் என்ன தெரியுமா? ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு. 12 பேர் உயிர் போயிற்று. அதன் பிறகுதான், 1937 ஏப்ரலில், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது.

அந்தச் சட்டத்தால் என்ன மாறியது? என் வீட்டிலேயே சொல்கிறேன். என் தாத்தா ஆலைத் தொழிலாளி. சட்டம் வருவதற்கு முன்னால், விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவாராம். பிள்ளைகள் தூங்கும்போது பார்த்த அப்பா அவர். என் தந்தையும் ஆலைக்குத்தான் போனார். ஆனால் ஷிப்ட் முடிந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து எனக்கு வாய்பாடு சொல்லிக் கொடுத்தார். நான் படித்துப் பேராசிரியர் ஆனேன் என்றால், அந்தத் திண்ணை நேரம்தான் காரணம்.

இப்போது என் கதையைக் கேளுங்கள். கல்லூரி முடிந்தால் மேடை, மேடை முடிந்தால் பஸ். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா என் மகளிடம், "அப்பா எங்கேம்மா?" என்று கேட்டார். அது டி.வி.யைக் காட்டிச்சு! எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு பேர் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்த சாயங்காலத்தை, எவரும் கேட்காமலே நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஓய்வு அறுபதுக்கு மேல் வாங்கும் பென்ஷன் அல்ல. அந்தந்த வயதில் அன்றன்றைக்கு வாங்க வேண்டிய கூலி. அறுபதில் எனக்கு நேரம் கிடைக்கலாம். அன்று மடியில் உட்கார அந்தக் குழந்தை இருக்காதே, நடுவர் அவர்களே!